கஞ்சிச் சேறு

மூடியை நான் மூடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி உள்ளே விழுந்து கிடக்கும்போது கூடப்பிறந்தவளே குழியின் மூடியை இழுத்து மூடினாளாம். தெருவில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். வாய் கூசாமல் எப்படித்தான் சொல்கிறார்களோ! சங்கிலி மாட்டித் தூக்க வேண்டிய இரும்பு மூடி அது. நான் ஒருத்தி எப்படி இழுப்பேன் என்று ஒருவராவது யோசிக்க வேண்டாமா? நான் செய்தது, தம்பியின் சிநேகிதன் நெட்டையின் இடுப்பைக் கட்டிப் பிடித்து அவனை உள்ளே இறங்க விடாமல் தடுத்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் அதையேதான் செய்வேன். நான் தலைகுனிய வேண்டியது அதற்குக் கால்மணி நேரம் முன்னால் நடந்ததற்கு. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்களுடையது சாயப்பட்டறை. துணிக்குச் சாயம் ஏற்றி அலசிய தண்ணீர் ஒரு நாள் சிவப்பாக வரும், ஒரு நாள் நீலமாக வரும், எல்லாம் கலந்த அன்றைக்குக் கறுப்பாக வரும். அதைத் தெளியவைத்து வாய்க்காலில் விடும் பிரிவுக்கு நான் பொறுப்பு. இருபது வருடமாக அதே கொட்டகை, அதே ஈரத் தரை. என் தம்பிக்குத் தொட்டி வேலை. வால்வு, பம்பு, சேற்றுக்குழி எல்லாம் அவன் கையில். தொட்டியின் அடியில் படியும் அழுக்கு, குழாய் வழியாக ஒரு மூடிய குழியில் போய்ச் சேரும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதைப் பம்பு வைத்து உறிஞ்சி லாரியில் ஏற்றுவார்கள். பம்பு வாயில் ஏதாவது அடைத்துக்கொண்டால் அவன்தான் இறங்கிக் குத்திவிடுவான். ஒன்பது வருடமாக இறங்கி ஏறியவன். உள்ளே போகும்போதும் ஏதாவது முனகிக்கொண்டே போவான்; பாட்டு என்று அவன் சொல்வான், நாங்கள் ஒத்துக்கொண்டதில்லை.

முன்பெல்லாம் தண்ணீரைத் தெளியவைக்க ஒரு மஞ்சள் மருந்து ஊற்றுவோம். இரும்பையே தின்கிற மருந்து, மனுஷன் கையை விட்டுவைக்குமா? கையுறை போட்டாலும் எங்காவது ஓட்டை விழும். தம்பியின் உள்ளங்கை வெடித்து வெடித்து, விரல் மடங்குவதே கஷ்டமாகிவிட்டது. இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் விரல் மடங்கவே மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கு ஆறு வயதில் ஒரு மகள். அப்பா தூக்கினால் குத்துகிறது என்று அது நழுவி இறங்கிவிடும். "கையாக்கா இது, பழைய செருப்பு" என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மருந்தை ஒழிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஒரு பயிற்சி வகுப்பில், மாவுச்சத்தைப் பக்குவம் செய்து கழிவுநீரைத் தெளியவைக்கலாம் என்று சொல்லக் கேட்டிருந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு சிப்ஸ் கம்பெனி இருக்கிறது. உருளைக்கிழங்கு கழுவிய தண்ணீரின் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். அதை அவர்கள் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வாளி வாளியாக வாங்கிவந்தேன். வெறும் மாவு வேலைக்கு ஆகாது. சூடான காரத் தண்ணீரில் அதைக் கரைத்து, ஒரு உப்பைச் சேர்த்து, கட்டி தட்டாமல் காய்ச்ச வேண்டும். அப்போதுதான் சாயத்தைப் பிடித்து இழுக்கும் குணம் அதற்கு வரும். நாலு மாதம் ஆறு கண்ணாடிக் குவளைகளோடு மாரடித்தேன். ஒரு நாள் மூன்றாவது குவளையில், கலக்கிக்கொண்டிருக்கும்போதே நூல் நூலாகத் திரண்டு, பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாகி, அப்படியே அடியில் போய் உட்கார்ந்தது. மேலே நின்ற தண்ணீர் வழியாகச் சுவர்க் கடிகாரத்தின் முள் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் பாய்லர் அறையிலிருந்து நெட்டை ஓடிவந்தான், தீ பிடித்துவிட்டது என்று.

"துணிக்குக் கஞ்சி போடுவாங்க. தண்ணிக்குமாக்கா கஞ்சி போடுவாங்க?" என்றான்.

அன்றிலிருந்து பட்டறையில் நான் கஞ்சியக்கா. சொல்லிவிட்டுப் போகட்டும். ஆறு வாரத்தில் தம்பியின் கையில் வெடிப்பு மூடத் தொடங்கியது. போகிறவன் வருகிறவனிடமெல்லாம் கையை நீட்டி, "பாரு, புது மாப்பிள்ளை கை" என்று காட்டிக்கொண்டு திரிந்தான். ஒரு சாயங்காலம் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். நான் கீழ்வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். குழந்தை இறங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

என் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த மோட்டாரில் கம்பி கருகுகிறது, எந்தத் தொட்டியில் மருந்து மாறிப்போனது என்று மீட்டர் காட்டுவதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். பட்டறையில் அதற்கு ஒரு மரியாதையே உண்டு. வீட்டிலும் அப்படித்தான். பால் கெட்டுவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் மாடியிலிருந்து டம்ளர் கீழே வரும். தம்பி மகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளும்பாமல் படி இறங்கி வந்து, "அத்தை, மோந்து பாருங்க" என்று நீட்டுவாள். நான் மோந்து, நல்லது என்றால் குடிப்பார்கள், இல்லை என்றால் கொட்டுவார்கள். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

இதை எல்லாம் வைத்துக்கொண்டுதான் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

மாவு என்பது சாப்பாடு. அது நமக்கு மட்டும் சாப்பாடு இல்லை, கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ கிருமிகளுக்கும் சாப்பாடு. காற்று புகாத குழியில் அந்தக் கஞ்சிச் சேறு கிடந்தால் அவை தின்று பெருகும். சாயத்துக்குப் போட்ட உப்பும் அதே சேற்றில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அழுகின முட்டை வாடை அடிக்கும் ஒரு வாயு உண்டாகும். அது ஆளைக் கொல்லும். இதை இப்போது மூச்சுவிடாமல் சொல்கிறேன். அப்போது எனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி பயிற்சித் தாளில் மடித்து என் மேசை இழுப்பறையில் கிடந்தது. பழைய மருந்தின் சேறு செத்த மண். அதில் ஒன்றும் முளைக்காது, ஒன்றும் புளிக்காது. தம்பி இறங்கிப் பழகியது அந்தக் குழியில்தான். மருந்தை மாற்றினேன், குழியும் மாறிவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். குழி ஓரத்தில் ஒரு பெரிய ஊதுவிசிறி உண்டு. யாராவது இறங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் அதை ஓடவிட்டு உள்ளே காற்று அடிக்க வேண்டும் என்பது விதி. காய்ச்சின கஞ்சி சீக்கிரம் ஆறாவிட்டால் கட்டி தட்டிப்போகும். "அங்க சும்மாதானே கிடக்கு" என்று நான்தான் அதைக் கழற்றி என் கஞ்சி அறையில் மாட்டச் சொன்னேன். மாட்டியவன் தம்பி. அவனுடைய புதுக் கைகளால்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வருவதாக இருந்தது. தண்ணீர் சரியாக இருந்தால் கஞ்சிக்கு நிரந்தர அனுமதி. கலங்கியிருந்தால் மறுபடியும் மஞ்சள் மருந்து. மேனேஜர் இரண்டு பேச்சுப் பேசுகிற ஆள் இல்லை. காலை எட்டு மணிக்குப் பார்த்தால் பம்பு உறுமுகிறது, சேறு வரவில்லை. குழி நிரம்பி, சேறு தொட்டிக்கே எதிர்த்து ஏறத் தொடங்கியிருந்தது. பதினொன்றுக்குள் தண்ணீர் கலங்கிவிடும். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

சங்கிலியை மாட்டி மூடியைத் தூக்கினோம். குப்பென்று அடித்தது பாருங்கள், அழுகின முட்டை வாடை.

"என்னக்கா இது, இப்படி நாறுது! பழைய சேறு இப்படி நாறாதே" என்றான் தம்பி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"கஞ்சி புளிச்சிருக்குடா. கொஞ்ச நேரம் திறந்து போடு, போயிடும்."

"ஊதுவிசிறியைக் கொண்டுவந்துடட்டுமா?"

"அதைக் கழட்டி, இழுத்துட்டு வந்து, இங்க மாட்டி, அப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டி... ஆளுங்க வந்து நிப்பாங்கடா. அடுப்புல கஞ்சி வேற கிடக்கு."

"அப்போ ஆபீஸ்ல அந்த வாயு மீட்டர்?"

"அதுல பேட்டரி செத்து ஒரு வருஷமாச்சு. நான் எதுக்கு இருக்கேன்?"

எதுக்கு இருக்கேன் என்றுதான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

இரண்டு பேரும் குழி ஓரத்திலேயே நின்றோம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை நான் குனிந்து மோந்து பார்த்தேன். முதல் தடவை மூக்கு எரிந்தது. இரண்டாவது தடவை வாடை குறைந்திருந்தது. மூன்றாவது தடவை ஒன்றுமே இல்லை. கண் கரித்தது, நெற்றி விண்ணென்று தெறித்தது. காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவந்ததால் அப்படி இருக்கும் என்று நினைத்தேன். தம்பியும் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அப்போதுதான் நெட்டை பாய்லர் அறையிலிருந்து வந்தான். தம்பியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். பத்தடி தூரத்திலேயே நின்று முகத்தைச் சுளித்தான்.

"ஐயய்யோ, என்னக்கா இந்த நாத்தம்! எப்படி நிக்கிறீங்க அங்க?"

என் மூக்குக்கு மேல் இன்னொருத்தன் மூக்கா? எனக்குச் சுள்ளென்று வந்தது.

"முதல்ல உன் சாக்ஸை மோந்து பாருடா. நாத்தம் அங்கேருந்துதான் வருது."

தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான். நெட்டையும் சிரித்துவிட்டான். நான் இன்னொரு தடவை குனிந்து, நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தேன்.

"என்னக்கா, போகலாமா?" என்று தம்பி கேட்டான்.

"நாத்தமெல்லாம் போயிடுச்சு. போடா."

"கயிறு கட்டிக்கடா" என்றான் நெட்டை.

"நாலு படிதானேடா. அஞ்சு நிமிஷ வேலை."

அடைப்பு குத்தும் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி இறங்கினான். முனகல் கேட்டது. நாலாவது படியில் நின்று, கம்பியைச் சேற்றில் விட்டுக் குத்தினான். குபுகுபுவென்று குமிழி விடும் சத்தம் வந்தது. முனகல் நின்றது. தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான், ஏதோ கேட்கப்போகிறவன் மாதிரி. கை படியை விட்டது. ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. சேற்றில் விழுந்த சத்தம் மட்டும்தான்.

மேசை இழுப்பறைக்குள் கிடந்த அந்தத் தாள் அப்போது, அந்த ஒரு நொடியில், எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் வந்தது. இந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைச் செயலிழக்கச் செய்யும். வாடை நின்றது என்பதால் வாயு போய்விட்டது என்று நினைக்காதே. அடுத்த வரி, விழுந்தவரைத் தூக்க முகமூடி இல்லாமல் இறங்காதே. நாத்தம் எங்கும் போகவில்லை. போனது என் மூக்குதான்.

நெட்டை அதற்குள் ஷூவை உதறிவிட்டு ஒரு காலைக் குழிக்குள் விட்டிருந்தான். நான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"விடுக்கா! கையெட்டுற தூரத்துலதான் கிடக்கான்! விடு!"

"இறங்கினா நீயும் போயிடுவடா! அது விஷக் காத்துடா!"

"அக்கா, உன் தம்பி அவன்! பாவி, விடு!"

முழங்கையால் இடித்தான். வாயில் ரத்தம் வந்தது, ஒரு பல் ஆடியது. நான் விடவில்லை. அவனோடு சேர்ந்து பின்பக்கமாக விழுந்து, அவன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து தம்பியின் முதுகு தெரிந்தது. நீலச் சட்டை. உட்கார்ந்தபடியே ஊதுவிசிறியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். நாலு பேர் கஞ்சி அறைக்கு ஓடினார்கள். அதைச் சுவரிலிருந்து பெயர்த்து, வயர் இழுத்து, தள்ளிக்கொண்டு வருவதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. முகமூடி போட்ட இரண்டு பேர் இறங்கித் தூக்கினார்கள். விழுந்த சில நிமிஷத்திலேயே போய்விட்டிருக்கிறான் என்றார் டாக்டர். முகத்தைக் கழுவிவிட்டார்கள். காதோரத்தில் கொஞ்சம் கஞ்சிச் சேறு மிச்சம் இருந்தது. என் முந்தானையால் துடைத்தேன்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு அதிகாரிகள் வராமல் இல்லை. மேனேஜர் அவர்களைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய், வெளியேறும் தண்ணீரைக் காட்டியிருக்கிறார். தொட்டி இன்னும் கலங்கவில்லை. கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்து, பிரமாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். கஞ்சிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஒன்பதாம் நாள் நான் ஆபீசுக்குப் போனபோது, மேனேஜர் இதை ஆறுதல் மாதிரி சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பேன். உடம்பில் தெம்பு இல்லை.

அப்புறம் ஒரு தாளை நகர்த்தினார். தொட்டி வேலையாள் யாரிடமும் கேட்காமல், தானாகவே குழியில் இறங்கினார் என்று எழுதியிருந்தது. பொறுப்பாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"போட்டுடும்மா. செத்தவனுக்கு இனிமே என்ன ஆகப்போகுது? உனக்கும் நல்லது" என்றார்.

பேனாவை வாங்கினேன். அதையும் மறைக்கப்போவதில்லை. பேனா மூடியைக் கழற்றி முனையைத் தாளில் வைத்தும்விட்டேன். 'தானாகவே' என்ற வார்த்தையின் மேல் கண் போய் நின்றது. போகலாமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தானே அவன் காலை எடுத்துவைத்தான். பால் டம்ளரிலிருந்து பம்பு வரைக்கும் என்னைக் கேட்காமல் அவன் எதைச் செய்தான்? நெட்டைக்குத் தெரியும். ஆனால் நெட்டை வாயைத் திறக்க மாட்டான். சாக்ஸ் என்றபோது அவனும் சிரித்தவன், அது அவனை உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

மாடிப்படி ஏறினேன். தம்பி மனைவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஒன்பது நாளாக என் முகத்தைப் பார்க்காதவள். என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை, வாசல்படியிலேயே நின்றேன்.

"ஏன் பிடிச்சீங்க?" என்றாள், என்னைப் பார்க்காமலே. "தூக்கப் போனவரை ஏன் பிடிச்சீங்க? எல்லாரும் சொல்றாங்க. நான் நம்பலைன்னுதான் சொன்னேன். நீங்க சொல்லுங்க."

"பிடிச்சேன். விட்டிருந்தா அவனும் செத்திருப்பான். அதுக்கு நீ என்னை எவ்வளவு திட்டினாலும் நான் அதையேதான் சொல்வேன். ஆனா நீ கேட்க வேண்டியது அது இல்லம்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"அவன் தானா இறங்கலை. ஊதுவிசிறி வேணுமான்னு கேட்டான், வேண்டாம்னேன். மீட்டர் கேட்டான், நான் எதுக்கு இருக்கேன்னேன். நெட்டை வந்து நாறுதுன்னான், அவனைக் கிண்டல் பண்ணேன். நான் குனிஞ்சு மோந்து பார்த்தேன். நாத்தம் போயிடுச்சு, போடான்னு நான்தான் சொன்னேன். நாளைக்கு இதையேதான் எழுதிக் கொடுக்கப்போறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பல் ஆடிய இடத்தை நாக்கு தேடித் தேடிப் போனது.

"அன்னைக்குக் காலைல கிளம்பும்போது கேட்டேன்," என்றாள். "புது மருந்து வந்ததுலேருந்து சட்டையெல்லாம் ஒரு மாதிரி நாறுதே, அந்தக் குழியில ஏதாவது இருக்குமோன்னு கேட்டேன். உங்க தம்பி சிரிச்சாரு. அக்கா இருக்கா, அவ மூக்கு தப்பாதுன்னாரு."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து குழந்தை வந்தாள். நான் வந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் ஓடியிருக்கிறாள் போல. இரண்டு கையிலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, தளும்பாமல் அடி எடுத்துவைத்து என் முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, மோந்து பாருங்க."

என் கை எழவில்லை. தம்பி மனைவி எழுந்து வந்தாள். குழந்தையின் கையிலிருந்து டம்ளரை மெதுவாக வாங்கினாள். முகர்ந்தும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மாடி முற்றத்துக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். பால் வாடை வாசல் வரைக்கும் வந்தது. நல்ல பால்தான். நான் வாயைத் திறக்கவில்லை.